ரெடிட் கடையடைப்பு 2023: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ரெடிட் என்பது தலைப்புவாரியான குழுக்களில் மக்கள் பேசிக்கொள்ளும் இணையத் தளம். 2023 ஜூனில் அதன் ஏபிஐ கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் பூட்டிக்கொண்டன. ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு தளத்திலிருந்து தரவு எடுக்கும் வழி) வைத்து நிரல் எழுதுவது என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து கேளுங்கள். சட்டமும் பங்குச்சந்தையும் வேண்டாம். கேட்க வந்த எல்லாரும் முதலில் உங்கள் பழைய பதிவுகளை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

முகில்: அக்கா, ஏபிஐக்குக் காசு கேட்பது நியாயம்தானே? எதற்கு அவ்வளவு ரகளை?

காசு கேட்டதில் தப்பில்லை. கேட்ட தொகையும் கொடுத்த கெடுவும்தான் தகராறு. ஏபிஐ என்பது ஒரு செயலி ரெடிட்டின் கிடங்கிலிருந்து சரக்கு எடுக்கும் பின்வாசல். பல ஆண்டுகள் அது இலவசமாகத் திறந்திருந்தது. 2023 ஏப்ரலில் கட்டணம் வரும் என்றார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை. மே 31 அன்று ரெடிட் படிப்பதற்கான அப்போலோ என்ற ஐபோன் செயலியை (சென்னைக்காரர்கள் மருத்துவமனையை நினைக்காதீர்கள்) எழுதிய கிறிஸ்டியன் செலிக் கணக்கை வெளியில் வைத்தார். 5 கோடி அழைப்புக்கு (செயலி ஒருமுறை தரவு கேட்டால் அது ஓர் அழைப்பு) 12,000 டாலர். அவர் செயலி அப்போது மாதம் 700 கோடி அழைப்பு விட்டது. பெருக்கிப் பாருங்கள்: மாதம் சுமார் 17 லட்சம், ஆண்டுக்கு 2 கோடி டாலர். படங்களைச் சேமித்து வைக்கும் இம்கர் தளத்துக்கு அதே 5 கோடி அழைப்புக்கு 166 டாலர்தான் கட்டுகிறேன் என்றார். கட்டணம் ஜூலை 1 முதல். ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்கி வைத்திருப்பவர் ஒரு மாதத்தில் என்ன செய்வார்? ஜூன் 30 அன்று மூடிவிட்டார்.

தென்றல்_77: போராட்டம் தோற்றதா, ஜெயித்ததா?

கட்டணம் குறையவில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் ரெட்ரீடர், டிஸ்டோபியா போன்ற லாப நோக்கில்லாத செயலிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. திரையிலுள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானோடு ரெடிட்டின் சொந்தச் செயலி அப்போது சரியாக ஒத்துப்போகாததால் அவர்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. அந்த விலக்கைச் சின்ன விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

பாண்டி_மதுரை: ரெடிட் பங்கு வாங்கலாமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

தோழர் இரணியல்: அம்மா, சிலர் இதைக் 'கதவடைப்பு' என்கிறார்கள். கதவடைப்பு முதலாளி செய்வது. தொழிலாளி செய்தால் வேலைநிறுத்தம். 30 வருடம் சங்கத்தில் இருந்தவன் சொல்கிறேன்.

வாங்க ஐயா. ஆனால் நடந்ததைப் பாருங்கள். ஜூன் 12 அன்று 8,000-க்கும் மேற்பட்ட குழுக்களின் மட்டுறுத்துநர்கள் (குழுவைச் சம்பளமில்லாமல் நடத்தும் தன்னார்வலர்கள்) உறுப்பினர்களை வெளியே நிறுத்திப் பூட்டினார்கள். உள்ளே வர முடியாதவர்கள் சாதாரண வாசகர்கள். கூகுளில் தேடி வந்தவனும் பூட்டைத்தான் பார்த்தான். சம்பளம் வாங்காதவர் வேலையை நிறுத்தினால் அதற்கு என்ன பெயர்?

தோழர் இரணியல்: சம்பளம் இல்லாவிட்டாலும் உழைப்பு உழைப்புதான். தவறு வேறிடத்தில். இரண்டு நாள் என்று முன்கூட்டியே தேதி சொன்னார்களே, அது அடையாள வேலைநிறுத்தம். எந்த நிர்வாகம் அதற்கு அசையும்?

இதில் நீங்கள் சொல்வதே சரி. தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் இதுவும் கடந்துபோகும் என்ற தோரணையில்தான் ஊழியர்களுக்கு எழுதினார். காலவரையற்றுத் தொடர்ந்த குழுக்களுக்குத்தான் 'திறக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவோம்' என்று ஓலை போனது. ஆனால் ஐயா, ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் வாசலில் நீங்கள் நிற்பீர்கள். இங்கே வாசலே நிர்வாகத்துடையது. மட்டுறுத்துநர்களைப் பரம்பரை நிலக்கிழார்களோடு ஒப்பிட்டார் ஹஃப்மன். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

தோழர் இரணியல்: அப்போ ஒத்துழையாமை என்று வையுங்கள்.

அது பிறகு வந்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். திறக்கச் சொன்னார்களா, திறந்தார்கள். படங்களுக்கான பெரிய குழுவில் வாக்கெடுப்பு வைத்து, இனி ஜான் ஆலிவர் படம் மட்டும்தான் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த நகைச்சுவையாளரே தன் படங்களை அள்ளிக் கொடுத்தார். சில குழுக்கள் தங்களை 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று குறித்துக்கொண்டன. அந்தப் பக்கங்களில் விளம்பரம் ஓடாது. நிர்வாகத்துக்குச் சுட்டது அங்கேதான்.

ரேவதி: மேடம், கடைசியில் ஜெயித்தது யார்?

தென்றல்_77-க்குச் சொன்னதைப் பாருங்கள்.

கார்த்தி_கோவை: 2015-இலும் இப்படி அடைத்தார்களே?

ஆமாம். விக்டோரியா டெய்லர் என்ற ஊழியரை நீக்கியதற்காக அந்த ஜூலையில் மூடினார்கள். ஒரு வாரம் கழித்துத் தலைமை அதிகாரி எலன் பாவ் விலகினார். அந்த நாற்காலிக்கு வந்தவர் இதே ஹஃப்மன். பூட்டு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் அந்தச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்: பொதுக் குழுவைத் தனிக்குழுவாக்க இப்போது நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பிரதி எடுத்து வையுங்கள்.

சுந்தர்: தோற்றுவிட்டதா அக்கா?

சுந்தர், மேலே. மேலே.

அமுதா_திருச்சி: பழைய பதிவுகளைப் பிரதி எடுப்பது எப்படி?

அப்பாடா, ஒருவராவது கேட்டீர்கள். ரெடிட்டில் தரவுக் கோரிக்கைக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. படிவத்தை நிரப்பினால் உங்கள் பதிவும் பின்னூட்டமும் சிஎஸ்வி கோப்புகளாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணைகள்) வரும். உடனே வராது, பொறுங்கள். வந்ததும் கணினியில் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.