ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் வலம்புரிச் சங்கு அசல்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் நம் கடல் சங்கே அல்ல. 'லைட்னிங் வெல்க்' என்ற அமெரிக்கக் கடல் நத்தையின் ஓடு.

மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கும் சங்கில் (டர்பினெல்லா பைரம்) இடம்புரிதான் இயல்பு. வலம்புரி எப்போதாவது ஒன்று அகப்படும். வெல்க்கில் கதை தலைகீழ்: ஏறக்குறைய எல்லாமே வலம்புரிதான். வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா, டெக்சஸ் வரை ஆழம் குறைந்த மணலிலும் சேற்றிலும் கடற்புல் திட்டுகளிலும் வாழ்கிறது. மட்டியைப் பாதத்தால் இறுக்கிப் பிடித்து, தன் ஓட்டின் உதட்டை (வாயின் வெளி விளிம்பை) ஆப்பு மாதிரி நுழைத்துத் திறந்து தின்னும். 1987-இல் டெக்சஸ் இதை மாநிலச் சிப்பி ஓடாக அறிவித்தது.

ஆகவே சுழியின் திசையை மட்டும் நம்பாதீர்கள். சுழிமுனை மேலே இருக்கும்படி வைத்தால் அசல் வலம்புரிக்கும் வெல்க்குக்கும் வாய் இடப்பக்கம்தான். கவிழ்த்துப் பிடித்தால் இரண்டுக்கும் வலப்பக்கம்.

பார்க்க வேண்டியது நடுத்தண்டு, அதாவது ஓட்டின் சுழல்கள் சுற்றிச் செல்லும் நடு அச்சு. வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு, உதட்டுக்கு எதிர்ப்புறம் மெல்லத் தடவுங்கள். சங்கில் திருகாணி மரை போல மூன்று நான்கு தடித்த வரப்புகள் விரலில் தட்டும். அவை தண்டைச் சுற்றியபடியே உள்ளே போகும். வெல்க்கில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். மிஞ்சினால் மெலிதாக ஒரே ஒரு மடிப்பு இருக்கும்.

வெளித்தோற்றம் ஏமாற்றும். வெல்க்கின் தோளில் வரிசையாக முட்டுகள் உண்டு, அவற்றைத் தேய்த்து எடுத்துவிடலாம். பெயருக்குக் காரணமான பழுப்பு மின்னல் கீற்றுகளும் வளர்ந்த ஓட்டில் தானாகவே மங்கிவிடும். அதனால் வெள்ளையாக இருப்பது ஒரு சான்றே இல்லை. கையில் எடுத்தால் எடை ஓரளவு சொல்லும்: சங்கின் சுவர் தடிமன், அதே அளவு வெல்க் லேசாக இருக்கும்.

காதில் வைத்தால் ஓசை கேட்கிறது என்பதையும் விட்டுவிடுங்கள். சுற்றுப்புறச் சத்தம் உள்ளே எதிரொலிக்கிறது, அவ்வளவுதான். எந்த ஓட்டிலும், காலி டம்ளரிலும்கூடக் கேட்கும்.

வெல்க் மட்டமான பொருள் என்று சொல்லவில்லை. மிசிசிப்பி ஆற்றுப் பகுதியின் பழங்குடிகள் இதைக் கிண்ணமாக்கிச் சடங்கில் பானம் அருந்தினார்கள். அதன் சொந்தப் பெயரில், அதற்குரிய விலையில் விற்றால் தாராளமாக வாங்கலாம். வலம்புரி என்று சொல்லி விற்பவரிடம், வாய்க்குள் டார்ச் அடித்து நடுத்தண்டு தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.