ஷாக் ட்ரீட்மென்ட் இல்லைங்க, பயப்படாதீங்க

மாசம் 18 நாள் தலைவலி, தலைவலி வராம தடுக்கக் கொடுக்கற டோபிரமேட் மாத்திரை சாப்பிட்டா பேசும்போது வார்த்தை வரமாட்டேங்குது, டாக்டர் காந்தத் தூண்டல்னு சொன்னதும் ஷாக் ட்ரீட்மென்ட்டோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது வேற, இது வேறங்க. ஷாக்ல மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பாங்க. இதுல முழிச்சுக்கிட்டேதான் உட்கார்ந்திருப்பீங்க. தலைகிட்ட வச்ச கம்பிச்சுருள் காந்தத் துடிப்பு அனுப்பும்போது 'டக் டக்'னு சத்தம் போடும், அவ்வளவுதான்.

நான் போட்டது காந்தம் இல்லைங்க, நெத்தியில ஒட்டி லேசா மின்சாரம் விடுற வேற கருவி, தினம் 20 நிமிஷம். புருவத்துக்கு மேல ஓடுற நரம்பைத்தான் அது தூண்டும். முதல் வாரம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, கண்ணுல தண்ணி வேற. மூணாவது மாசம்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. வலி அடியோட போகலை, வர்ற நாள் குறைஞ்சுது.

பேஸ்மேக்கர், தலைக்குள்ள உலோக கிளிப், எப்பவாவது வலிப்பு வந்தது, இதுல எது இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க.

எனக்கு உறுத்துனது வேற. வாரத்துல 5 நாள் வலி மாத்திரைன்னு போறபோக்குல சொல்லியிருக்கீங்க. சாதா மாத்திரை மாசம் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்குன்னே இருக்கற டிரிப்டான் வகை மாத்திரைன்னா 10 நாள்னு மாசக்கணக்கா ஓடினா, அதுவே தலைவலியை வளர்க்கும். கருவியைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி இதை டாக்டர்கிட்ட பேசுங்க. டோபிரமேட்டையும் நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க.