துப்பாக்கியும் பாராங்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2024 ஏப்ரலில் கோலாலம்பூர் (கே.எல்.) விமான நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். குற்றம் செய்யும்போது சுட்டால் தூக்கு என்று மலேசியாவில் 1970களிலேயே சட்டம் வந்தும், சுடுகிறவன் சுடத்தான் செய்கிறான். துப்பாக்கி கிடைக்காதவன் பாராங்கை (வெட்டுக்கத்தியை) எடுக்கிறான். அப்புறம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டால் யாருக்கு லாபம்? நகைக்கடை ஜாகாவிடம் (காவலாளியிடம்) இருப்பதுபோல் நம்மிடமும் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன?

ஆர்., செந்தூல்

அன்புள்ள ஆர்.,

பாராங்கிலிருந்தே தொடங்குகிறேன். என் தாய்மாமா பாயான் பாருவில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஒருநாள் ராத்திரி கதவைச் சாத்தக் குனிந்தவரை இரண்டு பையன்கள் வெட்டிவிட்டுக் கல்லாவை அள்ளிக்கொண்டு போனார்கள். இடது முழங்கைக்குக் கீழே 23 தையல். இன்றும் அந்தக் கையால் தே தாரே ஆற்ற முடியாது. ஆனால் ஆள் இருக்கிறார், போன வாரம்கூட என் எழுத்தைக் கிண்டல் பண்ணினார். அதே பதற்றத்தில் இருந்த அந்தப் பையன்களிடம் பிஸ்டல் இருந்திருந்தால் நான் இந்த வரியை எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. கட்டுப்பாடு கொள்ளையை நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை, கொள்ளையில் சாகிறவர்கள் குறைவார்கள் என்கிறேன்.

மாமாவிடமே ஒன்று இருந்திருந்தால்? அவரிடமே கேட்டேன். "வெட்டு விழுந்த பிறகுதான்டா ஆளையே பார்த்தேன்" என்றார்.

தூக்கு பற்றி நீங்கள் சொன்னது சரி. 2013இல் ஆம்பேங்க் நிறுவனர் ஹுசேன் நஜாடியைக் கே.எல்.லில் சுட்டுக் கொன்றபோதும் அந்தச் சட்டம் இருந்தது. (2023இல்தான் கட்டாயத் தூக்கை எடுத்தார்கள்.) என்னைக் கேட்டால், இங்கே துப்பாக்கி அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடி. எல்லை தாண்டிக் கடத்தி வருவது வேறு கதை.

ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, ஏறத்தாழ 650,000 துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்து வாங்கி அழித்தது. துப்பாக்கிக் கொலைகள் அதற்கு முன்பே இறங்குமுகம்தான் என்பதால் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். துப்பாக்கியால் நடக்கும் தற்கொலைகள் குறைந்ததற்குச் சான்று இன்னும் வலு. வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள நினைக்கும் நீங்கள் இதையும் யோசிக்க வேண்டும்: அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறவர்கள்.

ஜாகாவைச் சொன்னீர்களே, லெபோ பாசாரில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் பம்ப் கன்னைக் கம்பெனியில் ஒப்படைத்து, தோட்டாக்களை எண்ணிக் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடுதான் பஸ் ஏறுகிறாராம்.