வணிகச் சுழற்சிக்கு நாம் காட்டும் எதிர்வினை, வளர்ச்சி மாதிரிகளின் விடையை மாற்றுமா?

பொருளாதாரம் ஏறி இறங்கும்போது அரசும் மக்களும் எடுக்கும் முடிவுகள் நீண்டகால வளர்ச்சிக் கணக்கைப் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கும் என்பதே என் பதில்.

பொருளியலாளர் ரொபர்ட் சோலோ 1956இல் முன்வைத்த வளர்ச்சி மாதிரியில் மூலதனம், உழைப்பு, தொழில்நுட்பம் ஆகியவையே உற்பத்தியைத் தீர்மானிக்கின்றன. அதைப் பயன்படுத்தியவர்கள் மந்தத்தையும் எழுச்சியையும் நீண்டகாலப் போக்கிலிருந்து ஏற்படும் தற்காலிக விலகல்களாகவே கருதினார்கள். அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் நெல்சனும் புளொசரும், பொருளாதாரத்தைத் திடீரெனத் தாக்கும் அதிர்ச்சிகளின் விளைவு பெரும்பாலும் மறையாமல் நிலைத்துவிடுவதாக 1982இல் வாதிட்டபோது, போக்கு வேறு சுழற்சி வேறு என்ற இந்தப் பிரிப்பு ஆட்டங்கண்டது. அதே ஆண்டில் கிட்லண்டும் பிரெஸ்கொட்டும் வளர்ச்சி மாதிரியைக் கொண்டே சுழற்சியை விளக்கினார்கள். ஆயினும் தொழில்நுட்ப அதிர்ச்சி, அதாவது உற்பத்தித் திறனில் வரும் திடீர் மாற்றம், அவர்களிடம் வெளியிலிருந்து வருவதாகவே இருந்தது. எதிர்வினையே தொழில்நுட்பத்தைத் தேய்க்கக்கூடும் என்பதற்கு அங்கே இடமில்லை.

திருகோணமலையில் இருப்பவருக்கு இதை விளக்க, இலங்கை பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022ஆம் ஆண்டே போதும். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. திருக்கடலூர்க் கரையில் சிறு படகு வைத்திருக்கும் ஒருவர், எண்ணெய் விலை தணியும்வரை படகைக் கரையேற்றி வைத்தால், அது தற்காலிக விலகல்தான். என்ஜினை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டால், மாதிரியின் மொழியில் மூலதனம், உழைப்பு இரண்டுமே குறைகின்றன. அவரோடு போகும் தொழில் நுணுக்கத்தையும் சேர்த்தால் மூன்றாவதும் குறைகிறது. அவ்வாண்டில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றார்கள்.

அரசின் எதிர்வினையும் இப்படித்தான் வேலை செய்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையாகத் தான் நிர்ணயிக்கும் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. விலையேற்றம் கைமீறிப் போய்க்கொண்டிருந்ததால் அதற்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வட்டியில் கடனெடுத்து ஐஸ் ஆலையோ உல்லாச விடுதியோ கட்ட யார் துணிவார்? அன்று கைவிடப்பட்ட முதலீடு, பின்னர் வட்டி இறங்கியதும் தானாக வந்துவிடுவதில்லை.

உத்தியோகபூர்வ மதிப்பீட்டின்படி இலங்கைப் பொருளாதாரம் 2022இல் 7.3 சதவீதமும் 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கி, 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், உற்பத்தி 2021ஆம் ஆண்டின் மட்டத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம் கீழேதான் நின்றது. ஆகவே அந்த 5 சதவீத வளர்ச்சியை மட்டும் காட்டிப் பழைய பாதைக்குத் திரும்பிவிட்டோம் என்பவர்களிடம், அரசின் மூலதனச் செலவும் தனியார் முதலீடும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள்.