ஓ/எல் விஞ்ஞான வகுப்பில் விஞ்ஞான வரலாறு சொல்ல நேரம் இருக்கிறதா?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது, இதில் வரலாறு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் தமிழ்மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நேரம் ஒதுக்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் விஞ்ஞானி பிறந்த ஆண்டையும் ஊரையும் பலகையில் எழுதிப்போடுவது வேண்டாம். அன்றைக்கு அவர்கள் முன்னால் நின்ற புதிரை அப்படியே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

போன தவணை 10ஆம் தரத்தில் நுளம்பு எப்போது பெருகும் என்று கேட்டேன். "மழை பெய்தால், டீச்சர்." டெங்கோடு வளர்ந்த கொழும்புப் பிள்ளைகள் வேறென்ன சொல்வார்கள்? சரி, 1934இல் நம் ஈர வலயத்தில் மழை பொய்த்தது. அந்த ஆண்டுக் கடைசியில் தொடங்கிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள், மழையே இல்லாமல் எப்படி என்றேன். வகுப்பு அடங்கிவிட்டது. எனக்குப் பதிலைச் சொல்லிவிட வாய் துறுதுறுத்தது, சொல்லவில்லை. கடைசியில் பின்வரிசையில் ஒரு மாணவி, "ஆறு வற்றினால் குட்டை குட்டையாகத் தேங்கும்தானே?" என்றாள். அதேதான். ஆறு பாய்ந்தால், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கிய நீரில் அவை பெருகும். அதோடு, அந்தப் பகுதிச் சனங்களுக்கு மலேரியா அவ்வளவு பழக்கமில்லை, உடலில் எதிர்ப்பும் குறைவு.

இன்னொரு கேள்வியும் வைத்தேன். நுளம்பைக் கொல்லும் டீ.டீ.டீ. மருந்தைத் தெளித்து 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது பல இலட்சமானது ஏன்? நுளம்பு பழகிவிட்டது என்றார்கள் பிள்ளைகள். அது பின்னால் வந்த சிக்கல். முதலில் நடந்தது, தெளிப்பதை நிறுத்தியதும் கண்காணிப்பு தளர்ந்ததும். நோய் ஒழிந்ததா இல்லையா என்பதை ஆய்வுகூடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காசு, நிர்வாகம், சனங்களின் பொறுமை எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இது எந்த அலகிலும் இல்லை, ஆனால் பிள்ளைக்குத் தெரிந்தே ஆகவேண்டும். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் நம்மை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

இதற்கு ஒரே ஒரு பாடவேளைதான் போனது. எல்லா அலகுக்கும் இப்படிச் செய்ய முடியாது. மின்சுற்றை நான் நேராகவே நடத்துகிறேன். தவணைக்கு இரண்டு போதும். அடுத்தது தகனம்: 1774இல் ஒட்சிசனைப் பிரித்தெடுத்த பிரீஸ்ட்லி, அதைப் புளோஜிஸ்டன் (எரியும்போது பொருளிலிருந்து வெளியேறுவதாக அன்று கருதிய ஒன்று) நீங்கிய வளி என்றே கடைசிவரை நம்பினார். அப்படி நம்ப அவருக்கு என்ன நியாயம் இருந்தது என்று கேட்கப்போகிறேன்.