முதல் திருத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியலில் பட்டம் பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. விண்ணப்பித்த இடங்களில் பெரும்பாலும் பதிலே இல்லை. வந்த ஓரிரு பதில்களும் ‘அனுபவம் தேவை’ என்கின்றன. வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? சம்பளம் இல்லாமல் நிரல் எழுதவும் தயாராக இருக்கிறேன். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? நானே எழுதிய ஒரு வானிலைச் செயலி, ஒரு கால்குலேட்டர், இரண்டு சிறிய விளையாட்டுகள் கைவசம் இருக்கின்றன. இவை போதாதா?

ச.

அன்புள்ள ச.,

பதிலே வராத எட்டு மாதம் ஒருவரை எப்படி வதைக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

போதாது. அந்த நான்கையும் நீங்களே தொடங்கி நீங்களே முடித்தீர்கள். வேலையில் சேரும் புதியவருக்கு அப்படி வெற்றுப் பக்கம் கிடைப்பது அபூர்வம். யாரோ எழுதிவிட்டுப் போன பல்லாயிரம் வரிகளைத் திறந்து கொடுத்து, ‘இதில் எங்கோ தப்பு இருக்கிறது, பாருங்கள்’ என்பார்கள். அடுத்தவர் எழுதியதைப் படிக்க வேண்டும், கெடுக்காமல் மாற்ற வேண்டும், ஏன் மாற்றினேன் என்று நாலு வரியில் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் அனுபவத்தில் பெரும்பகுதி இதுதான். இதைக் கற்க வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாரும் பார்த்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள்களின் மூல நிரல், அதாவது அவற்றை எழுதியவர்கள் எழுதிய வரிகள், எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

வேலையில்லாத நாட்களில் நான் தினமும் பயன்படுத்திய ஒரு சிறு கட்டற்ற மென்பொருளில், கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் அச்சிட முடியாது. பெயரை மாற்றி மாற்றி அச்சிட்டு அலுத்துப்போய் ஒரு நாள் மூல நிரலைத் திறந்தேன். இடத்தைக் கண்டுபிடிக்கவே நான்கு நாட்கள் ஆயின. கோப்பின் பெயரை மேற்கோள்குறி இல்லாமல் ஒரு கட்டளைக்குள் அப்படியே ஒட்டியிருந்தார்கள். இடைவெளி வந்த இடத்தில் ஒரு பெயர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூன்று வரித் திருத்தம் அனுப்பினேன். திரும்பி வந்தது. ‘பெயருக்குள்ளேயே மேற்கோள்குறி இருந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டிருந்தார் அதைப் பராமரிப்பவர். சரிசெய்து அனுப்பினேன். சோதனை நிரல் எங்கே என்றார். எழுதினேன். என்ன மாற்றினேன் என்று குறிப்பில் இருக்கிறது, ஏன் என்பது இல்லையே என்றார். நான்காம் முறை ஏற்றுக்கொண்டார். முகம் தெரியாத ஒருவர் என் மூன்று வரிக்காக அத்தனை நேரம் செலவிட்டதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. பின்னால் ஒரு நேர்காணலில் அந்தக் கடிதப் போக்குவரத்தைத்தான் காட்டினேன். அரை மணி நேரம் மேற்கோள்குறியைப் பற்றியே பேசினோம். மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.

ஆகவே நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இணையதளங்களைப் பார்ப்பவர்களுக்கு அனுப்பித் தரும் மென்பொருளான அப்பாச்சி இணையச் சேவையகம் 1995-இல் பிறந்ததே அப்படித்தான். அதற்கு முன் புழக்கத்தில் இருந்த ஒரு சேவையகத்தை எழுதியவர் அந்தப் பணியை விட்டு விலகிவிட, அதை நம்பியிருந்த தள நிர்வாகிகள் ஆளாளுக்குச் செய்துவைத்திருந்த திருத்தங்களை மின்னஞ்சல் வழியே ஒன்றுதிரட்டினார்கள். இன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பல திட்டங்கள் புதியவர்களுக்கு ஏற்ற பிழைகளை ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று குறித்துவைக்கின்றன. கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரெஆஃபிஸ் ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று தனியே தொகுத்திருக்கிறது. முதல் வாரம் நிரலைத் தொடாதீர்கள். நிறுவும் முறையை ஆவணத்தில் உள்ளபடி வரிக்கு வரி செய்து பாருங்கள். பெரும்பாலும் எங்காவது சறுக்கும். அந்த வரியைத் திருத்தி அனுப்புவதே நல்ல தொடக்கம். பத்துத் திட்டங்களில் தலைகாட்டுவதைவிட ஒன்றிலேயே ஆறு மாதம் இருங்கள்.

உதவித்தொகையோடு இதே வேலையைச் செய்யவும் வழி உண்டு. கூகுள் 2005-இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ முன்பு மாணவர்களுக்கு மட்டுமே இருந்தது. 2022 முதல் 18 வயது நிறைந்த, திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளுக்குப் புதியவர்களும் சேரலாம். தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்பட்டவர்களுக்காக நடக்கும் ‘அவுட்ரீச்சி’யில் விண்ணப்பக் காலத்திலேயே ஒரு பங்களிப்பு செய்தாக வேண்டும். இரண்டிலும், முன்பே அந்தத் திட்டத்தில் பழகியவருக்குக் கை ஓங்கியிருக்கும்.

சம்பளமில்லாமல் உழைக்கத் தயார் என்றீர்கள். இலாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு அப்படி உழைக்காதீர்கள். நீங்கள் எழுதியது அவர்களுடைய பூட்டுக்குள் போய்விடும். நாளை காட்டுவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘பயிற்சிக்கு முன்பணம் கட்டுங்கள், பிறகு வேலை’ என்பவரிடம் பேச்சே வேண்டாம். தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு உதவுவது நல்லதுதான். ஆனால் புதிதாகப் பெரிய மென்பொருள் கட்டித்தர முன்வராதீர்கள். உங்களுக்கு வேலை கிடைத்துப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்காது. வாரந்தோறும் கையால் செய்யும் அலுப்பான வேலை எது என்று கேளுங்கள். இரண்டு பெயர்ப் பட்டியல்களை ஒப்பிடுவதாக இருக்கலாம். அதற்கு ஐம்பது வரி எழுதி, எப்படி இயக்குவது என்று ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். அது உங்களுக்குப் பிறகும் ஓடும்.

தினமும் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள், அதில் எது உங்களை எரிச்சலூட்டுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள். எந்தப் பிழையை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.