சேஜ்பிரஷ்ஷ ரசத்துல போடலாமா?

கேள்வி: மக அமெரிக்கால, நெவாடா மாநிலத்துல ரீனோவுல இருக்கா. ஏப்ரல்ல போயிருந்தப்ப ரோட்டோரம் கண்ணுக்கெட்டுன தூரம் சாம்பக் கலர்ல புதரு, இலைய கசக்குனா கும்முனு வாசம். சேஜ்பிரஷ்னாங்க. கடைல விக்கிற சேஜ்ங்கிற சமையல் மூலிகை தான இது, ரசத்துல போடலாமா? பூவே கண்ணுல படலையே?
- வாசகி, மதுரை

பதில்: ரசத்த விட்ருங்கம்மா. கடைல விக்கிற சேஜ் துளசி குடும்பம், இது சாமந்தி குடும்பம். உங்க ஊரு மரிக்கொழுந்துக்குத்தான் கிட்டத்து சொந்தம், ரெண்டுமே ஆர்ட்டிமீசியாங்கிற ஒரே பேரினம். ஆனா வாய்ல வச்சா செம கசப்பு, அந்த வாசத்துக்கு காரணமான எண்ணெய் மாட்டோட வயித்துல தீனிய செரிக்க வைக்கிற நுண்ணுயிரியவே பதம் பாத்துரும், அதனால மாடு முடிஞ்சவரைக்கும் ஒதுங்கியே போகும். இதுல கூத்து என்னன்னா சேஜ் க்ரவுஸ்னு ஒரு பறவை, பனிக்காலம் பூரா கிட்டத்தட்ட இந்த இலைய மட்டும் தின்னே காலத்த ஓட்டுது! பூ கோடை முடிவுலதான் வரும், பொடிப்பொடியா மஞ்சளா. காத்துலயே மகரந்தம் பறக்குற செடி, பூச்சிய கூப்புட வேண்டிய வேலை இல்ல, அதான் பகட்டும் இல்ல. அலர்ஜி இருக்கவங்க அந்த சீசன்ல போகாதீங்க, தும்மியே ஓஞ்சிருவீங்க.

கேள்வி: மழையே இல்லாத இடத்துல எப்படி சார் தாக்குப்பிடிக்குது?
- வாசகர், தேனி

பதில்: இலை மேல வெள்ளியா ரோமம் இருக்கு, வெயில திருப்பி அடிச்சிரும். வேர் வேற ஆழம். ராத்திரில அடி மண்ணு ஈரத்த இழுத்து மேல் மண்ணுல கசிய விடுது, இத யூட்டால ஆராய்ச்சி பண்ணி 1987-ல எழுதுனாங்க. பக்கத்துல இருக்க புல்லும் அந்தத் தண்ணிய குடிச்சிக்கும். இவ்ளோ கெட்டி செடிதான், ஆனா தீ மட்டும் ஆகாது. எரிஞ்சா வேர்லருந்து துளுக்காது, விதை விழுந்துதான் முளைக்கணும், விதையும் தாய்ச்செடி பக்கத்துலயேதான் பெரும்பாலும் விழும். அங்க சீட்கிராஸ்னு ஒரு புல்லு, வெளிநாட்லருந்து வந்தது, கோடை ஆரம்பத்துலயே காஞ்சி சருகாயிரும், ஒரு பொறி போதும், திரும்பத் திரும்ப எரியுது, சேஜ்பிரஷ் எந்திரிக்கவே டைம் கிடைக்கிறதில்ல. என்னைக் கேட்டா வறட்சிய விட இதுதான் பெரிய வில்லன்.

கேள்வி: இதுல செருப்பு செஞ்சாங்களாமே, கப்சாவா?
- வாசகர், ஓசூர்

பதில்: நெசம்தாங்க. பட்டைய உரிச்சி முறுக்கிப் பின்னுன செருப்புங்க, ஓரிகான்ல ஃபோர்ட் ராக் குகைல 1938-ல தோண்டி எடுத்தாங்க. வயசு 9,000 வருஷத்துக்கும் மேல.